நல்ல இடத்திலிருந்து தொடங்கு

சிட்னி துறைமுகத்தின் வடகரையில் மோஸ்மன் என்றொரு புறநகர் இருக்கிறது. வீட்டு விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் கரையோரமாக நடந்தால் வீடுகள் விலகி, மணற்பாறைச் சரிவுகளில் காடு தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்பதைப் பார்க்கலாம். பெருநகரத்தின் நடுவில் இவ்வளவு காடு மிஞ்சியதற்குப் பீரங்கிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். துறைமுக வாயிலைக் காக்க ராணுவம் அந்த முனைகளை வளைத்துப் போட்டிருந்தது. ராணுவ நிலத்தில் யாரும் பங்களா கட்ட முடியவில்லை. அந்தக் கரையில் டரோங்கா விலங்குக் காட்சிசாலையை ஒட்டி இருப்பது ஆஷ்டன் பூங்கா. பூங்கா என்றதும் புல்தரை, ஊஞ்சல், சிமென்ட் பெஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பகுதி காடுதான்: செம்பட்டை உரிக்கும் ஆங்கோஃபோரா மரங்கள், பாங்க்சியாக்கள், சவுக்கு இனங்கள், முழங்கால் உயரப் புதர்கள்.

அதற்குப் பக்கத்தில் கிளிஃப்டன் கார்டன்ஸ் என்ற மூலையில் பிராட்லி சகோதரிகள் வாழ்ந்தார்கள். அக்கா ஐலீன் 1911இல் பிறந்தவர், தங்கை ஜோன் 1916இல். பூங்காவின் முனைக்கும் பிராட்லீஸ் ஹெட் என்றே பெயர். அது இவர்களால் வந்த பெயர் அல்ல. 1788இல் முதல் குடியேற்றக் கப்பல்களோடு வந்த வில்லியம் பிராட்லி என்ற கடற்படை அதிகாரியின் பெயர்.

சகோதரிகள் செடிகளுக்கு வருவதற்கு முன் பறவைகளைக் கவனித்தவர்கள். நீல ரென் என்று ஒரு குருவி. சுமார் பத்து கிராம் எடைதான். ஆண் குருவி இனப்பெருக்கக் காலத்தில் பளீரென்ற நீலத்தில் இருக்கும், மற்ற மாதங்களில் பெண்ணைப் போலப் பழுப்பாகிவிடும். எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதால் எது எந்தக் குருவி என்று சொல்வது கடினம். அதனால் கால்களில் வண்ண வளையம் மாட்டி, ஒவ்வொரு குருவியையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, அவற்றின் இறகு மாற்றத்தையும் குடும்ப நடப்புகளையும் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் 1958இல் ‘எமு’ என்ற பறவையியல் இதழில் வெளிவந்தன. (குடும்பம் என்று சொன்னேன். 1994இல் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, கூட்டில் இருந்த குஞ்சுகளில் நான்கில் மூன்று பங்கு வேறு குழுவைச் சேர்ந்த ஆண்களுக்குப் பிறந்தவை என்று தெரிந்தது. வளையம் மட்டும் இதைக் காட்டியிருக்காது.)

இந்தப் பறவைப் பழக்கத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளையமிட்ட குருவியைப் பின்தொடர்பவர் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், போன முறை எங்கே எது இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். சகோதரிகள் பின்னால் செடிகளிடம் செய்ததும் இதைத்தான். அவர்களுடைய முறை முழுவதும் இந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

1960களின் தொடக்கத்தில் நாய்களோடு பூங்காவில் நடக்கும்போது ஒரு விஷயம் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. களை மண்டிய இடங்களைப் பணியாட்கள் வந்து ஒட்ட வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் களை முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். மறுபடி வெட்டு, மறுபடி களை. அதே சமயம், நடக்கும் வழியில் இவர்கள் போகிற போக்கில் ஒன்றிரண்டு களைச் செடிகளைப் பிடுங்கிப் போட்ட இடங்களில், பக்கத்திலிருந்த நாட்டுச் செடிகள் மெல்ல நகர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடிக்கொண்டிருந்தன.

வெட்டினால் களை ஏன் பெருகுகிறது? விடை மண்ணுக்குள் இருக்கிறது. எந்தக் காட்டு மண்ணிலும் முளைக்காத விதைகள் ஏராளமாகக் கிடக்கும். பல களை விதைகள் முளைப்பதற்கு ஈரமும் வெப்பமும் போதாது, வெளிச்சமும் வேண்டும். அந்த வெளிச்சத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் லெட்டூஸ் கீரை விதைகளை வைத்துச் செய்த சோதனையில், சிவப்பு ஒளி பட்டால் விதை முளைக்கிறது, அதைவிட நீண்ட அலைநீளம் கொண்ட தொலைச்சிவப்பு ஒளி பட்டால் முளைக்காமல் நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகப் பட்ட ஒளியின் பேச்சைத்தான் விதை கேட்கிறது. இதற்குக் காரணமான நிறமிக்குப் பின்னர் ஃபைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள்.

காட்டில் இதற்கு என்ன பொருள்? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, தொலைச்சிவப்பைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடுகிறது. ஆகவே இலைக்கூரைக்கு அடியில் கிடக்கும் விதைக்குக் கிடைப்பது ‘மேலே ஆள் இருக்கிறது, பொறு’ என்ற செய்தி. கூரையை வெட்டி எறிந்த மறுநாள் கிடைப்பது நேர் சூரியன், அதாவது ‘இடம் காலி’ என்ற செய்தி. மண்வெட்டியால் கொத்திப் புரட்டினால் அடியில் கிடந்த விதைகளும் ஒரு கணம் வெளிச்சம் கண்டுவிடுகின்றன. பல விதைகளுக்கு அந்த ஒரு கணமே போதும். நல்லெண்ணத்தோடு ஐம்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பூங்காவைச் சுத்தமாக்கும்போது, மண்ணுக்குள் இருக்கும் களைக்கு அழைப்பிதழ் வைத்துவிட்டு வருகிறார்கள்.

சிட்னிக்கே உரிய இன்னொரு காரணம் பாஸ்பரஸ். ஹாக்ஸ்பரி மணற்பாறை உதிர்ந்து உண்டான அந்த மண், உலகின் வறிய மண்களில் ஒன்று. பாங்க்சியா போன்ற செடிகள் அந்த வறுமைக்கே பழகியவை. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நெருக்கமான சிறு வேர்க்கொத்துகளை வளர்த்து, அமிலங்களைச் சுரந்து, மண் துகளில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பரஸையும் கறந்துகொள்ளும். அவற்றுக்கு உரம் போட்டால் நஞ்சாகிவிடும், செடி செத்தும் போகும். ஆனால் வெளியிலிருந்து வந்த களைகளுக்கு உரம் விருந்து. மேலே தெருவிலிருந்து மழைநீர்க் குழாய் எங்கே காட்டுக்குள் திறக்கிறதோ அங்கே களை அடர்ந்து நிற்பது இதனால்தான். புல்வெளிக்குப் போட்ட உரமும் நாய்க் கழிவும் சோப்புத் தண்ணீரும் அந்த வழியே இறங்குகின்றன. தோட்டத்துக் குப்பையை வேலிக்கு அப்பால் வீசினால் உரமும் விதையும் சேர்ந்தே போகும்.

ஆனால் நாட்டுச் செடிகளின் விதைகளும் அதே மண்ணில்தான் உறங்குகின்றன. அவற்றைப் புதைத்துவைப்பவை எறும்புகள். அக்கேசியா உள்ளிட்ட பல செடிகளின் விதை நுனியில் கொழுப்புச் சத்துள்ள ஒரு சிறு உருண்டை ஒட்டியிருக்கும். எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும், உருண்டையைத் தின்னும், கடினமான விதையை அப்படியே விட்டுவிடும். இப்படி எறும்பை நம்பி வாழும் தாவர இனங்கள் ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேல். பறவைக்கும் எலிக்கும் தப்பி, சில அங்குல ஆழத்தில், அந்த விதை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். களைக்காடாகத் தெரியும் இடத்தின் அடியில் பழைய காடு இன்னும் இருக்கிறது என்று சகோதரிகள் நம்பினார்கள். அதனால் அவர்கள் நட்டு வளர்ப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. தானாக வருவதற்கு வழி விட்டால் வரும் என்றார்கள்.

அவர்களுடைய முறைக்கு மூன்று விதிகள். நல்ல இடத்திலிருந்து தொடங்கு, மோசமான இடத்தை நோக்கி மெல்லப் போ. மண்ணைக் குறைவாகக் கலை, கலைத்ததைத் திரும்ப மூடு. நாட்டுச் செடி எவ்வளவு வேகத்தில் திரும்பி வருகிறதோ அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்காதே.

முதல் விதிதான் எல்லோரையும் திடுக்கிட வைப்பது. பத்து உண்ணிச்செடிகள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, நூற்றுக்கு ஒன்று மட்டும் களையாக இருக்கும் இடத்தில் நேரத்தைச் செலவிடச் சொல்கிறார்கள். ஆனால் கொதிக்கும் கூழில் யாரும் நடுவில் கை வைப்பதில்லை, ஆறிய ஓரத்திலிருந்துதான் வழித்துக் குடிக்கிறோம். ஓரத்தில் நாட்டுச் செடிகள் வலுவாக இருக்கின்றன. அங்கே ஒரு களையைப் பிடுங்கினால் அந்தச் சின்ன ஓட்டையை நிரப்ப விதையும் வேரும் நிழலும் பக்கத்திலேயே தயாராக இருக்கும். அடுத்த ஆண்டு அந்த நல்ல ஓரம் ஒரு கஜம் முன்னேறியிருக்கும். நடுவில் போய் வெட்டினால் நிரப்ப யாரும் இல்லை, மறுபடி களைதான் நிரப்பும்.

ஒரு களையைப் பிடுங்குவதையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிரிவெட் என்ற வேலிச்செடியின் கன்று, ஒரு சாண் உயரம். முதலில் அதைச் சுற்றியிருக்கும் சருகை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்க வேண்டும். கத்தி நுனியால் வேரைச் சுற்றி மண்ணை இளக்க வேண்டும். ஒரு கையால் தண்டை இழுக்கும்போதே மறு கையால் சுற்றியுள்ள மண்ணை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேரோடு மண்ணும் எழும்பி வெளிச்சம் உள்ளே போய்விடும். வேரில் ஒட்டிய மண்ணை அதே குழியில் உதறி, அமுக்கி, ஒதுக்கிய சருகை அதே இடத்தில் பரப்ப வேண்டும். பிடுங்கிய செடியைத் தரையில் போடாமல் ஒரு கிளையில் வேர் மேலாகத் தொங்கவிட்டால் மறுபடி வேர் பிடிக்காது. வேலை முடிந்தபின் அங்கே யாரும் வந்து போனதே தெரியக் கூடாது. அலங்காரத் தொட்டிகளிலிருந்து காட்டுக்குத் தப்பிய அஸ்பாரகஸ் பெரணிக்கு வேறு கை வேண்டும். அதன் அடியில் வெள்ளைக் கிழங்குகள் கொத்துக் கொத்தாக இருக்கும். புதிதாக வருபவர் ஒவ்வொரு கிழங்கையும் தோண்டி எடுத்துத் தரையைக் குதறிவிடுவார். அவை நீர் சேமிக்கும் உருண்டைகள், அவற்றிலிருந்து செடி முளைக்காது. நடுவில் இருக்கும் கொண்டையை மட்டும் கத்தியால் வட்டமாக அறுத்தெடுத்தால் போதும். எதைத் தோண்ட வேண்டாம் என்று தெரிந்துகொள்வதில்தான் இந்த வேலையின் பாதித் திறமை.

இப்படிக் கை வேலையாகவே சகோதரிகள் ஆஷ்டன் பூங்காவின் சுமார் 16 ஹெக்டேரைக் களையிலிருந்து மீட்டார்கள். அதன்பின் ஆண்டுக்கு ஓரிரு முறை, ஓடைக்கரை, சாலையோரம் போன்ற பலவீனமான இடங்களைப் பார்த்துக்கொண்டாலே போதும் என்ற நிலை வந்தது. 1967இல் களைகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம், 1971இல் காட்டு மீட்பைப் பற்றி இன்னொன்று. 1970களின் நடுவில் நியூ சவுத் வேல்ஸ் நேஷனல் டிரஸ்ட் இந்த முறையைக் கையில் எடுத்து மற்ற இடங்களிலும் செய்து பார்த்தது. ஐலீன் 1976இலும் ஜோன் 1982இலும் இறந்தார்கள். ஜோன் எழுதி வைத்தது 1988இல் ‘பிரிங்கிங் பேக் தி புஷ்’ என்ற நூலாக வந்தது. இன்று சிட்னியின் நகராட்சிகள் பலவற்றில் புஷ்கேர் என்ற பெயரில் தன்னார்வலர் குழுக்கள் தங்கள் தெருமுனைக் காட்டில் மண்டியிட்டுக் களை எடுக்கின்றன. பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். பல குழுக்களில் பயிற்சி பெற்ற ஒருவரை நகராட்சியே சம்பளம் கொடுத்து உடன் அனுப்புகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆர்வம் மட்டும் உள்ளவர் கையில் கத்தரி கொடுத்தால் முதலில் போவது அரிய செடியாக இருக்கும்.

விலங்குகளுக்கு வருவோம். மெதுவாகப் போ என்ற விதி செடிகளுக்கு மட்டுமானதல்ல. நீல ரென் கூடு கட்டுவது தரைக்குச் சற்று மேலே, நெருக்கமான புதரில். நாட்டுப் புதர் அழிந்த இடத்தில் அது உண்ணிச்செடிக்குள் கட்டிக்கொள்கிறது. முள்ளும் அடர்த்தியும் இருந்தால் சரி, செடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று குருவி கேட்பதில்லை. அந்த உண்ணிப்புதரை ஒரே நாளில் அகற்றினால் களை போகும், குருவியும் போகும். நிலம் வெறிச்சென்று திறந்ததும் அங்கே வருவது நாய்ஸி மைனர் என்ற பறவை. பெயரில் மைனா போல ஒலித்தாலும் அது தேன் குடிக்கும் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்த உள்நாட்டுப் பறவை. கூட்டமாக வாழும், தன்னைவிடச் சிறிய எந்தப் பறவையையும் அடித்துத் துரத்தும். உயரமான மரமும் கீழே வெறும் புல்லும் என்ற பூங்கா வடிவம் அதற்கு மிகவும் பிடித்தது. நாம் ‘அழகாகப் பராமரிக்கப்பட்ட பூங்கா’ என்று பாராட்டும் அமைப்பு ரென்னுக்குப் பாலைவனம். ஆகவே இன்றைய குழுக்கள் உண்ணிப்புதரைத் திட்டுத் திட்டாக எடுக்கின்றன. ஒரு திட்டில் நாட்டுப் புதர் குருவி ஒளியும் அளவுக்கு வளர்ந்தபின்தான் அடுத்த திட்டு, அதுவும் கூடு கட்டும் பருவத்தைத் தவிர்த்து.

எல்லா விலங்கும் இவர்களுக்கு ஒத்துழைப்பதில்லை. பிரஷ் டர்க்கி என்ற பெரிய கறுப்புப் பறவை அடைகாக்காது. சருகையும் மண்ணையும் கால்களால் வாரி ஆள் நெஞ்சு உயரம்வரை குவித்து, அது மக்கும்போது வரும் சூட்டில் முட்டைகளைப் பொரிக்க வைக்கும். வடசிட்னிப் புறநகர்களில் இதன் எண்ணிக்கை இப்போது கூடியிருக்கிறது. தன்னார்வலர் பார்த்துப் பார்த்துப் பரப்பிய சருகை, இளங்கன்றுகளோடு சேர்த்து, ஒரே காலையில் வாரிக்கொண்டு போய்விடும். நாட்டுப் பறவை, சட்டப் பாதுகாப்பும் உண்டு, ஒன்றும் செய்ய முடியாது. சகோதரிகளின் இரண்டாவது விதியை அது படித்ததில்லை.

பிராட்லி முறைக்கு எல்லைகள் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமல்ல. அக்கேசியா விதையின் ஓட்டைப் பிளக்க வெப்பம் வேண்டும், பாங்க்சியாவின் பல இனங்களில் காய் திறக்கவே நெருப்பு வேண்டும், இன்னும் பல விதைகளை எழுப்புவது புகையில் இருக்கும் வேதிப்பொருள். 2004இல்தான் அந்தப் பொருள்களில் முக்கியமான ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த ஆதிக்குடிகள் நெருப்பைக் கருவியாகப் பயன்படுத்தினார்கள். அவர்கள் விரட்டப்பட்டதும் அந்த நெருப்பும் நின்றது. எனவே எவ்வளவு பொறுமையாகக் களை எடுத்தாலும் சில செடிகள் திரும்பவே மாட்டா. அதனால் இப்போது சில இடங்களில் சிறு குவியல்களாகக் கட்டுப்படுத்திய தீ மூட்டுகிறார்கள். பல காலம் உழுத நிலத்திலும், வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பிய நிலத்திலும் அடியில் விதையே இருக்காது. அங்கே நட்டுத்தான் ஆக வேண்டும். பெரிய பிரிவெட் மரத்தைக் கையால் பிடுங்க முடியாது. வெட்டிய கணத்திலேயே அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவுவது இன்று சாதாரணம். ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் நோய் செருப்பில் ஒட்டிய சேற்றோடு பரவுகிறது என்று தெரிந்தபின், காட்டுக்குள் போகுமுன் அடியைச் சுரண்டிக் கிருமிநாசினி தெளிப்பதும் வேலையின் பகுதியாகிவிட்டது. அக்கறையோடு நுழையும் காலும் நோயைக் கொண்டுவரலாம்.

நமக்கும் இந்தக் கதைக்கும் இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த அதே உண்ணிச்செடிதான் முதுமலையிலும் மண்டியிருக்கிறது. இந்தியக் காடுகளில் அது 1,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தரைக்கு மேலே வெட்டினால் அது பல கிளைகளாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் வேறொரு வழி சொன்னார்கள்: தரைக்குச் சற்றுக் கீழே, துளிர் வரும் பகுதிக்கு அடியில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் காயவிட வேண்டும். மண்ணைக் கிளறாமல் முடிக்கிற வேலை, பிராட்லி சகோதரிகள் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

மறுபக்கம், ஆஸ்திரேலியா நமக்குத் தந்தது வாட்டில், நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் மரம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்து நட்டது. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் பெரும் பரப்பை அது விழுங்கிவிட்டது. அதுவும் அக்கேசியா இனம்தான், விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். மரத்தை மொத்தமாக வெட்டித் திறந்த இடத்தில் வாட்டில் கன்றுகள் பாய் விரித்தாற்போல எழும். கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கிய பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்காரும் ஒன்றைக் கவனித்தார்கள்: பழைய வாட்டில் தோப்பின் நிழலில், யாரும் நடாமலே, சோலை மரங்களின் கன்றுகள் வளர்ந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட தோப்பை ஒட்டுமொத்தமாக வெட்டுவது வருகிற சோலையையும் சேர்த்து வெட்டுவது என்று அவர்கள் வாதாடினார்கள். புல்வெளியாக மீள வேண்டிய இடத்தில் வாட்டிலை எடுக்கத்தான் வேண்டும், அங்கே காத்திருந்தால் இருப்பதும் போய்விடும். எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதை இடத்தைப் பலமுறை நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

தன்னார்வலர் இல்லாமல் இது நடக்காது என்று நான் சொல்வதற்குக் காரணம் அவர்கள் கூலி கேட்பதில்லை என்பது அல்ல. ஒப்பந்தக்காரருக்கு முடிவுத் தேதி உண்டு, இத்தனை ஏக்கர் என்ற கணக்கு உண்டு, வேகமாக முடித்தால் லாபம் உண்டு. செடி வரும் வரை காத்திருக்கச் சொல்லி யாரும் டெண்டர் விடுவதில்லை. பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் நாளைக்கும் அந்த வழியே நடப்பார்.

உங்கள் ஊர்ப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யும் குழு இருந்தால் போய்ச் சேருங்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள். செடிகளைத் தொடுமுன், அங்கே எது நன்றாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், அந்த ஓரத்தில் உட்காருங்கள். சருகைக் கூட்டிக் கொளுத்த யாராவது தீப்பெட்டி எடுத்தால் தடுத்துவிடுங்கள்.